கோட்டு போட்ட படம்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் அன்பியத் தலைவி ஃபிலோமினா டீச்சர்தான், தம்பி. தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். அன்பியம் என்றால் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, வாரம் ஒரு வீட்டில் உட்கார்ந்து செபிக்கிறது. டீச்சர் என் முழங்கையைப் பிடித்து, மாதா சுரூபம் இருக்கிற கெபிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அமலோற்பவம், மனசைத் திடப்படுத்திக்க. உங்க பிரிட்டோவைச் சென்னையில படமா மாட்டியிருக்காங்களாம்."

"மாலை போட்டா டீச்சர்?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் முதலில் தோன்றியது.

"மாலை போட்டிருந்தாத்தான் தேவலையே! சட்டை இல்லாம மாட்டியிருக்காங்க. இன்னொரு ஆம்பளையோட. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பாக்குறாங்களாம். என் மருமகன் போன்ல அனுப்பியிருக்காரு."

"காட்டுங்க டீச்சர்."

"சேச்சே, கெபி முன்னாடியா? பாக்குற மாதிரி இல்லம்மா. நான் பாத்ததுக்கே ஒரு ஐம்பத்து மூணு மணி சொல்லி முடிச்சேன்."

ஐம்பத்து மூன்று மணி என்றால் முழுச் செபமாலை. அவ்வளவு சொல்லவேண்டியிருந்தது என்றால் எவ்வளவு நேரம் பார்த்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. டீச்சர் நல்லவர்தான்.

நீங்கள் என் பையை மேல்தட்டில் தூக்கி வைத்தீர்கள், சன்னல் இடத்தையும் கொடுத்தீர்கள். எங்கள் ஊர் ரோடு பிரிகிற விலக்கில் இறங்கவேண்டும் என்று கண்டக்டரிடம் சொன்னதையும் கேட்டேன். நானும் அங்கேதான். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நடுவில் தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ரெஜினா, தாம்பரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டிலிருந்துதான் இப்போது வருகிறேன். சின்னவன் லூர்து பிரிட்டோ. சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வீட்டுக்காரர் சவரிராஜ், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனுஷர், தம்பி. குடி கிடையாது, சீட்டு கிடையாது. கோவில் திருவிழாவுக்குச் சீரியல் லைட்டெல்லாம் அவர்தான் கட்டுவார், ஒரு டீக்குக்கூட காசு வாங்கமாட்டார். ஆனால் ஒரு முடிச்சுப் போட்டால் போட்டதுதான். வேறு யாரும் அவிழ்க்க முடியாது.

பிரிட்டோவுக்கு வத்தலக்குண்டில் பெண் பார்த்து நிச்சயம் பண்ணினோம். போன வருஷம், ஈஸ்டர் கழிந்த மறு ஞாயிறு முதல் ஓலை. எங்கள் வழக்கம் அது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று. சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் கணீரென்று வாசித்தார். எனக்கு முக்காட்டுக்குள்ளே சிரிப்பு அடங்கவில்லை. பிரிட்டோ என் பக்கத்துப் பெஞ்சில் குனிந்தபடி இருந்தான். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வீட்டில் கறி. சாப்பிட்டுக் கை கழுவினவன், துண்டில் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னான்.

"தடை இருக்குப்பா. தெரிஞ்சவன் நான்தான். அதான் சொல்லிடுறேன்."

"என்னடா தடை?"

"நான் வேற ஒருத்தரோட இருக்கேன். தணிகைன்னு பேரு. ரெண்டு வருஷமா ஒரே வீட்லதான் இருக்கோம்."

"இந்துப் பொண்ணா?"

"பொண்ணு இல்லப்பா."

அவருக்குப் புரிய நேரம் ஆனது. எனக்கும்தான். எலும்புத் தட்டை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றேன். தணிகைவேல் என்று முழுப் பெயரையும் சொன்னான். "அந்தப் பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்க நான் தயாரா இல்ல" என்றான். சத்தமே போடவில்லை அவன். சத்தம் போட்டிருந்தால்கூட அவர் அடித்துத் தீர்த்திருப்பார், அதோடு போயிருக்கும். சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான். அவன் பைக்குள் முறுக்கு டப்பாவை வைத்தேன். வைக்காமல் இருக்க முடியுமா?

ஒரு வாரம் போயிற்று. பிறகு அவர் என்னிடம் வந்து, "பிரிட்டோ போட்டோ ஒண்ணு எடுத்துக் குடு" என்றார்.

"எதுக்குங்க?"

"செத்தவன் போட்டோவை எதுக்குக் கேப்பாங்க?"

எங்கள் பக்கம் இது நடக்கிறதுதான், தம்பி. பெண் ஓடிப்போனாலோ, பையன் சொல் கேட்காமல் எங்கேயாவது போய்க் கட்டிக்கொண்டாலோ, உயிரோடு இருக்கும்போதே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஒட்டிவிடுவார்கள். ஊருக்கும் புரிந்துவிடும், அதற்கப்புறம் யாரும் வாசலில் வந்து நின்று கேட்கமாட்டார்கள்.

நான் அழுதேன். அழுதுகொண்டேதான் பீரோவைத் திறந்தேன். ஆனது ஆகட்டும், படமாவது பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று தேடினேன். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்தது ஒன்று இருந்தது, அதில் திருடன் மாதிரி முழித்துக்கொண்டிருப்பான். அதைக் கொடுக்க மனசு வரவில்லை. ரெஜினா கல்யாணத்துப் பந்தியில் ரச வாளியோடு போகும்போது யாரோ கூப்பிட, திரும்பிப் பார்த்துச் சிரித்தது ஒன்று. கன்னத்துக் குழி தெரியும். அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். பெற்றவள் கொடுக்கிற படம், ஊர் பார்க்கப்போகிற படம். பார்த்துக் கொடுக்கவேண்டாமா?

போஸ்டர் வந்தது. ரச வாளியைக் காணோம். கழுத்துக்குக் கீழே கறுப்புக் கோட்டு, சிவப்பு டை. என் பிள்ளை ஒரு நாளும் டை கட்டினவன் இல்லை. கேட்டால், அந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரர் செத்த ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் அதே கோட்டைத்தான் போடுவாராம். முகத்தை மட்டும் மாற்றி வைப்பாராம். பிறப்பு என்று போட்டு அவன் பிறந்த தேதி. அதையும் நான்தான் சொன்னேன், அவருக்குப் பிள்ளைகள் பிறந்த தேதி எப்போதும் மறந்துபோகும். இறப்பு என்று போட்டு, ஓலை வாசித்த ஞாயிறு.

ஊரெல்லாம் ஒட்டியாயிற்று. ஒன்றை மடித்து அவன் சென்னை விலாசத்துக்கே தபாலில் போட்டார். பெரிதாக ஒரு ஃப்ளெக்ஸும் அடித்து, விலக்கு பஸ் நிறுத்தத்துச் சுவரில், யாரும் கை வைக்க முடியாத உயரத்தில் அவரே ஏணி போட்டுக் கட்டினார். வீட்டில் மிச்சம் இருந்த படத்தையெல்லாம் கொல்லையில் கொளுத்தினார். புதுநன்மை, அதாவது முதல்முதலாக நற்கருணை, வாங்கினபோது வெள்ளைச் சட்டையோடு எடுத்தது, தொட்டிலில் எடுத்தது, எல்லாம்.

இதில் ஒரு தப்பு நடந்துபோயிற்று. எங்கள் பங்குச் சாமியார் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார், வடக்கே எங்கேயோ இருந்தவர். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாது. போஸ்டரைப் பார்த்து நிஜமாகவே பையன் செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். வீடு தேடி வந்து, என் தலையில் கை வைத்துச் செபித்தார். "இளம் வயசும்மா, தாங்கிக்க முடியாதுதான்" என்று சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. சாமியார் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு. அதே உபதேசியார், அதே மைக்கில், இறந்த நம் சகோதரர் லூர்து பிரிட்டோவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வாசித்தார். உபதேசியாருக்கு விஷயம் தெரியும். என் பக்கம் பார்க்காமல் வாசித்தார். எல்லாரும் சொன்னார்கள், நானும் ஆமென் சொன்னேன்.

அதற்கப்புறம் மாதாமாதம் நானே அவன் பெயரில் பூசை வைக்கிறேன். டீச்சருக்கே அது பிடிக்கவில்லை. "உசுரோட இருக்கிறவனுக்கு யாராவது இளைப்பாற்றிப் பூசை வைப்பாங்களா?" என்றார். இதில் என்ன தப்பு, சொல்லுங்கள்? உயிரோடு இருக்கிறவனுக்கும் ஆன்மா உண்டுதானே?

சரி, இதெல்லாம் ஊருக்குள் நடந்தது, ஊரோடு போயிற்று. ஆனால் சென்னையில் அவனைப் படம் எடுத்து மாட்டின அந்தப் போட்டோக்காரப் பெண் செய்தது என்ன நியாயம்? பெற்றவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு பிள்ளையின் முகத்தைக் கொண்டுபோய் நாலு பேர் பார்க்கச் சுவரில் மாட்டலாமா? அதுதான் எனக்கு ஆறவே இல்லை. நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

சென்னைக்குப் போக வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கர்த்தர் வழி காட்டினார். வீட்டுக்காரரே சொன்னார்.

"ஈஸ்டர் வந்தா வருஷம் திரும்புது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி அடிக்கணும். பழைய ஃப்ளெக்ஸ் வெளுத்துப்போச்சு. ரெஜினா வீட்டு ஆல்பத்துல அவன் போட்டோ இருக்கும், போய் நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வா."

அப்படித்தான் வந்தேன்.

ரெஜினா வாய் அவள் அப்பா வாய். பையைக் கீழே வைக்கவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, நீ அவனைப் பாக்க வந்தியா, அவன் படத்தைப் பாக்க வந்தியா?"

"அந்தப் படத்தை எடுக்கச் சொல்ல வந்தேன்டி. மானம் போகுது."

"செத்தவன் படத்தை எங்க மாட்டினா உங்களுக்கு என்ன? நீங்களும்தானே மாட்டியிருக்கீங்க, பஸ் ஸ்டாப்புல."

"அது வேற, இது வேற."

"ஆமா, வேறதான். இதுல அவன் உசுரோட இருக்கான்."

ஆல்பத்தைக் கேட்டேன். பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். "நீ தலைகீழா நின்னாலும் தரமாட்டேன்." மாப்பிள்ளை டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார். ஆனாலும் மறுநாள் அவளே ஆட்டோ பிடித்து அந்தப் படக் கண்காட்சி நடக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் நின்றுவிட்டாள். "நீயே போம்மா. உன் மூஞ்சியப் பாத்தா நான் சிரிச்சிருவேன், இல்லன்னா அழுதுருவேன்."

பழைய காலத்து வீடு, உள்ளே சுவரெல்லாம் வெள்ளை. செபமாலையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அசிங்கமாக ஏதாவது தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்வது என்று தீர்மானித்துத்தான் போனேன்.

முதல் படத்தில் இரண்டு பொம்பளைகள். ஐம்பது வயசு இருக்கும். ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், இன்னொருத்தி பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் அவளுக்குத் தலைக்கு டை அடித்துவிடுகிறாள். அவ்வளவுதான். அடுத்ததில் ஒரு திருநங்கை, தன் வீட்டுக்காரருடைய ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கடுத்தது என் பிள்ளை. தரையில் சம்மணம் போட்டு முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறான். எதிரில் ஒல்லியாக ஒரு பையன், வேரைக் கிள்ளி ஓரமாக வைக்கிறான். பிரிட்டோவுக்குக் கீரை ஆயத் தெரியும் என்று எனக்கே தெரியாது.

என் பக்கத்தில் கைத்தடியோடு ஒரு பெரியவர் நின்றார். கூட வந்தவரிடம், "இதைப் பாக்கவா ஓய் அண்ணாநகர்லேர்ந்து இழுத்துட்டு வந்தீர்? எங்காத்துலயும்தான் கீரை ஆயறா" என்றார். அவருக்கு ஏமாற்றம். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஒரு வருஷமாக மனசுக்குள் என்னென்னவோ வைத்துக்கொண்டு கிடந்தேன். அது ஒன்றுமே அங்கே இல்லை.

டீச்சர் சொன்ன படம் உள் அறையில் இருந்தது. இரண்டு பேரும் பாயில் தூங்குகிறார்கள். மேலே சட்டை இல்லை, வேட்டிதான். கால் மேல் கால் கிடக்கிறது. புருஷன் பெண்டாட்டி படுத்திருக்கிற மாதிரி, அப்படித்தான் சொல்லவேண்டும். சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். வாசல் வரைக்கும் வந்தேன். அப்புறம் ஏதோ உறுத்த, திரும்பப் போய்ப் பார்த்தேன்.

பிரிட்டோவுக்குச் சின்ன வயசில் வீசிங் உண்டு, தம்பி. மார்கழி பிறந்தால் மூச்சு விசில் மாதிரி கேட்கும். அவன் ஏழாவது படிக்கிற வரைக்கும் நான் அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான் படுப்பேன். சும்மா வைத்தால் போதாது. நடு நெஞ்சில், உள்ளங்கை பதிய வைக்கவேண்டும். அப்போதுதான் மூச்சு தட்டினால் தூக்கத்திலும் தெரியும். அந்தப் படத்தில் அந்த ஒல்லிப் பையன் தூங்குகிறான், வாய்கூடத் திறந்திருக்கிறது, ஆனால் அவன் கை என் பிள்ளையின் நடு நெஞ்சில் உள்ளங்கை பதிய இருந்தது. யார் சொல்லிக்கொடுத்தார்களோ. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து டிபன் டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மதுமிதாவாம் பெயர். ரெஜினா வயசுதான், கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "சாப்பிடுறீங்களாம்மா?" என்றாள். சண்டைக்குப் போன எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஒரு சட்டையாவது போடச் சொல்லி எடுத்திருக்கக்கூடாதாம்மா?" என்றேன்.

அவள் சிரித்தாள். "அன்னைக்குக் கரண்ட் இல்லம்மா. நானே வேர்த்து ஊத்திக்கிட்டுத்தான் எடுத்தேன்."

"இதையெல்லாம் ஏம்மா ஊருக்குக் காட்டணும்? வீட்டுக்குள்ள இருந்துட்டுப் போகட்டுமே."

"வீட்டுக்குள்ள இருக்கிறதைத்தாம்மா காட்டுறேன். வெளிய இருக்கிறவங்க உள்ள என்ன நடக்குதுன்னு அவங்களா ஒண்ணு நினைச்சுக்கிறாங்க. நினைக்கிறதுதான் பயங்கரமா இருக்கு. இங்க பாத்தா கீரைதான்."

பிறகு அவளே என்னைக் கடைசிச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "இதைப் பாத்தீங்களா?"

அந்தப் படத்துக்குள் எங்கள் போஸ்டர் இருந்தது. தபாலில் போனது. மடிப்புக் கோடெல்லாம் தெரிகிறது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அவர்கள் வீட்டுக் குளியலறைப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். பிரிட்டோ அதற்கு முன்னால் நின்று, அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் பண்ணிக்கொண்டிருக்கிறான். கோட்டும் டையும் போட்ட முகத்தின் மேலே, சோப்பு நுரை பூசின முகம் விழுந்திருக்கிறது. இரண்டும் அவன்தான். இறப்பு என்று போட்ட இடத்தில் அவன் தோள்பட்டை ஈரமாகத் தெரிகிறது. ஒரு முகக்கண்ணாடி வாங்கினால் என்ன ஆகிவிடும், இதில் போயா பார்க்கவேண்டும் என்று முதலில் எரிச்சலாகத்தான் வந்தது. அப்புறம் பார்த்தால், கன்னத்தில் சதை பிடித்திருந்தது. யாரோ வேளாவேளைக்கு ஆக்கிப்போடுகிறார்கள்.

"இந்தப் படம் எடுத்தப்ப பிரிட்டோ ஒண்ணு சொன்னாரும்மா" என்றாள் அந்தப் பெண். "'கோட்டு கடைக்காரன் போட்டது, தேதி எங்கப்பா போட்டது. முகம் மட்டும் எங்கம்மா தேடி எடுத்துக் கொடுத்தது. வேற யாரும் இந்தப் படத்தை எடுத்திருக்கமாட்டாங்க'ன்னு சொல்லிச் சிரிச்சாரு."

பாருங்கள் தம்பி. நான் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தது அவனுக்குத் தெரிந்திருக்கிறது! அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? ரெஜினாவிடம் ஆட்டோவில் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு எப்போதும் என் மேல் ஒரு கோபம்.

"நீங்க பிரிட்டோவுக்கு என்ன வேணும்மா?" என்று, நான் அங்கே இருக்கும்போதே அந்த மதுமிதா கேட்டாள்.

"அவங்க ஊருதான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். "ஆறு மணிக்கு வேலை முடிஞ்சு ரெண்டு பேரும் இங்கதான் வருவாங்க. இருங்களேன். நாற்காலி போடுறேன்" என்றாள்.

நாற்காலியில் உட்காரத்தான் செய்தேன். மணி ஐந்து. ஆறு மணிக்கு வீட்டுக்காரர் போன் பண்ணுவார், செபமாலைக்கு. தினம் சேர்ந்து சொல்கிறது எங்களுக்குப் பழக்கம். நான் எங்கே இருந்தாலும் போனிலாவது சொல்லவேண்டும். பின்னால் ஆள் சத்தம் கேட்டால் எங்கே இருக்கிறாய் என்று கேட்பார். பொய் சொல்லிக்கொண்டு செபமாலை சொல்ல முடியுமா? அப்புறம் அவன் வந்து நின்றால்தான் நான் என்ன பேசுவேன்? போன வாரம்தான் அவன் பெயரில் பூசை வைத்திருக்கிறேன். எழுந்துவிட்டேன்.

படத்தை எடுக்கச் சொல்லவேண்டும் என்று போனவள், சொல்லவே இல்லை. "வீசிங் இருக்கு அவனுக்கு, பனியில தலைக்குத் துண்டு கட்டிக்கச் சொல்லும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் உள்ளே ஓடிப்போய், அந்தச் சவரம் பண்ணுகிற படத்தைச் சின்னதாக, பூசைப்புத்தகத்துக்குள் வைக்கிற அளவில் ஒன்று கொண்டுவந்து நீட்டினாள். "வெச்சுக்கங்கம்மா."

கையில் வாங்கிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது முகம். வீட்டுக்காரர் கேட்ட மாதிரி நல்ல படம். அவருக்கும் பிடிக்கும்.

திருப்பிக் கொடுத்துவிட்டேன், தம்பி. கொண்டுபோனால் இதற்கும் கோட்டு போட்டுவிடுவார்கள்.

இப்போது வெறுங்கையோடு போகிறேன். ஆல்பம் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் அவர் விடமாட்டார். படம் இல்லையென்றால் விலக்கில் கட்டியிருக்கிற பழைய ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டுபோய், அதிலிருந்தே முகத்தை எடுத்துப் புதிதாக அடிக்கச் சொல்வார். கடைக்காரர் போன மழையில் கம்ப்யூட்டர் கெட்டு எல்லாம் போயிற்று என்று சொல்லிவிட்டாராம். ஊரில் ஒட்டின தாளெல்லாம் அந்த மழையோடு கரைந்துபோயிற்று, இனி ஊரில் அந்த ஒரு முகம்தான் இருக்கிறது.

அதோ, கண்டக்டர் விலக்கு என்கிறார். நமக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, பாலம் தாண்டவேண்டும். நீங்கள் என் பையை எட்டி வைக்கும்போதே உங்கள் உயரத்தைப் பார்த்தேன். நான் இரண்டு தடவை அந்த நிறுத்தத்துப் பெஞ்சில் ஏறிப் பார்த்துவிட்டேன், எனக்கு எட்டவில்லை. அந்தப் பெஞ்சில் ஏறினால் உங்களுக்கு எட்டும். கட்டுக்கம்பிதான். எல்லாரும் வலப்பக்கம் முறுக்குவார்கள், எங்கள் வீட்டுக்காரர் இடப்பக்கம் முறுக்குவார். அதனால் நீங்கள் வலப்பக்கமாகத் திருப்பினால் கழன்றுவிடும். சாயங்கால வெயில் நேரே முகத்தில் அடிக்கிற இடம் அது, ஒரு வருஷமாக அடிக்கிறது.

இறங்கினதும் அதைக் கொஞ்சம் அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள் தம்பி. முகம் கிழியாமல்.